பதிவேற்றம் நடக்கும்போதும் பிங் ஏறாதபடி வீட்டு நெட்வொர்க்கைச் சீரமைத்த விவரம்

வீட்டுச் சர்வர் தன் காப்பு நகலை முழு வேகத்தில் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்திலும், அடுத்த அறையில் இருக்கும் கணினியில் ஆன்லைன் விளையாட்டு இப்போது தடங்கலின்றி ஓடுகிறது. சும்மா இருக்கும்போது 18 மில்லி விநாடியாக இருக்கும் பிங் (ஒரு சிறு தரவுத் துண்டு போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம்), பதிவேற்றத்தின்போது 22 அல்லது 23-ஐத் தாண்டுவதில்லை. முன்பு இதே வேலை நடந்தால் அந்த எண் 430 வரை ஏறும். எதிரில் ஓடிவருபவர் நின்ற இடத்திலிருந்து மறைந்து பக்கவாட்டில் முளைப்பார். சுட்ட குண்டு காலி இடத்தில் போய் விழும். இதைச் சரிசெய்ய இணைப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டிய தேவை எழவே இல்லை. எந்தப் படியில் என்ன செய்தேன், எது பயன்பட்டது, எது வீணாயிற்று என்பதை, இதே தொல்லையோடு போராடுபவர்களுக்கு உதவும் என்பதால், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இணைப்பு ஃபைபர் வழியாக வருவது. பதிவிறக்கம் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்), பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியே மோடமாகவும் ரவுட்டராகவும் வேலை செய்தது. அதிலிருந்து, பல கருவிகளைக் கேபிளில் இணைக்கும் ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச், ஸ்விட்சில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் பழைய மேசைக் கணினி ஒன்று சர்வராக இருந்தது. குடும்பத்தின் படங்களும் ஆவணங்களும் அந்தச் சர்வரில் சேரும். அங்கிருந்து ஒரு பிரதி தினமும் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்குப் போகும். விளையாடும் கணினி வேறோர் அறையில் வைஃபையில் இருந்தது.

முதலில் அளந்தேன்

லேக் (தாமதம்) என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் பழுதுபார்க்க முடியாது. அது பாதையின் எந்தத் துண்டில் பிறக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஆகவே பாதையை மூன்றாகப் பிரித்தேன்: கணினியிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனத்தின் முதல் முனை வரை, அதற்கப்பால் விளையாட்டுச் சர்வர் வரை. மூன்று கட்டளைச் சாளரங்களைத் திறந்து மூன்று முகவரிகளுக்கும் ஒரே சமயத்தில் பிங்கை ஓடவிட்டு, சர்வரின் பதிவேற்றத்தை நிறுத்தியும் தொடங்கியும் எண்களைக் குறித்துக்கொண்டேன். இதற்கென்று தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். எல்லா இயங்குதளங்களிலும் பிங் இருக்கிறது.

வழியிலுள்ள முனை ஒவ்வொன்றின் தாமதத்தையும் இழப்பையும் காட்டும் எம்டிஆர் கருவியில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவிலுள்ள ஒரு முனையில் 30 அல்லது 40 சதவீதப் பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பு என்று காட்டி, அதற்கு அடுத்த முனைகளிலும் கடைசியிலும் இழப்பே இல்லையென்றால், அங்கே பழுது இல்லை. பெரிய ரவுட்டர்கள் தம்மை நோக்கி வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். தம்மைக் கடந்து போகும் தரவை அவை தாமதப்படுத்துவதில்லை. கடைசி வரியில் தெரியும் இழப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அளந்ததில் இரண்டு கோளாறுகள் தனித்தனியாகத் தெரிந்தன. பதிவேற்றம் எதுவும் இல்லாதபோதே ரவுட்டர் வரையிலான பிங் 2-க்கும் 60-க்கும் இடையே துள்ளியது. அது வைஃபையின் வேலை. பதிவேற்றம் தொடங்கியதும் இரண்டாம் துண்டு 400-க்கு மேல் ஏறியது. அதற்கும் வைஃபைக்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் ஒன்றைச் சரிசெய்தபின் மற்றது அப்படியே நிற்கும், செய்த வேலை பலிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

கேபிள் இழுத்த கதை

வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதில் துள்ளல் பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் கணினிக்குக் கேபிளைவிட நல்ல தீர்வு கிடையாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்விட்சிலிருந்து அந்த அறை வரை சுவரோரமாக அளந்தால் 18 மீட்டர். கேட்5இ வகைக் கேபிளே போதும். கிகாபிட் வேகத்தை அது 100 மீட்டர் வரை தாங்கும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று பார்த்து வாங்க வேண்டும். அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசிய கேபிள்களும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. அவை அந்தத் தரத்துக்குள் வருபவை அல்ல, வளைத்தால் சீக்கிரம் முறியும்.

கருவிகள் மூன்று: கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 கனெக்டர்கள், அவற்றை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், விளக்கு எரிந்து காட்டும் கேபிள் டெஸ்டர். இரு முனையிலும் டி568பி என்னும் கம்பி நிற வரிசையைப் பின்பற்றினேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டரை மீறக் கூடாது. அந்த முறுக்குதான் ஒரு ஜோடியின் சமிக்ஞை அடுத்த ஜோடியில் கலக்காமல் காக்கிறது.

கேபிளைச் செருகியதும் இணைப்பு வந்தது, பிங்கும் 1 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கி அசையாமல் நின்றது. ஆனால் ஐபெர்ஃப்3 கருவியால் சர்வருக்கும் கணினிக்கும் இடையே வேகத்தைச் சோதித்தால் 94 எம்பிபிஎஸ்தான் வந்தது. இந்த எண்ணை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அதன் பொருள் உடனே விளங்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் ஒட்டும் முகவரி முதலிய தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சும் அளவு அது. கிகாபிட்டாக இருந்தால் 940-ஐ ஒட்டி வரும். விண்டோஸில் நெட்வொர்க் அட்டையின் நிலையைத் திறந்து பார்த்தபோது வேகம் 100 எம்பிபிஎஸ் என்றே இருந்தது.

100 எம்பிபிஎஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எஞ்சிய நான்கில் ஒன்று தொடவில்லை என்றால் இரு பக்கக் கருவிகளும் குறைந்த வேகத்தில் சமாதானமாகிவிடும்; பழுது இருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். டெஸ்டரில் ஏழாம் விளக்கு எரியவில்லை. கனெக்டரின் ஊடுருவித் தெரியும் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மற்ற ஏழு கம்பிகளின் செம்பு முனைகளும் முன்சுவரைத் தொட்டுப் பளபளத்தன. வெள்ளை-பழுப்புக் கம்பி மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி, தகட்டின் பல்லுக்கு எட்டாமல் நின்றது. வெட்டி எறிந்துவிட்டு, எட்டையும் நேராக்கி ஒரே வெட்டில் சமமாக நறுக்கி, கேபிளின் வெளியுறை கனெக்டருக்குள் போய் அழுந்தும்படி மீண்டும் கிரிம்ப் செய்தேன். ஐபெர்ஃப்3 இப்போது 941 காட்டியது.

இந்த வேகம் பிங்குக்குத் தேவையில்லைதான், ஆனால் வேறு விதத்தில் பயன்பட்டது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2023-இல் கொண்டுவந்த உள் நெட்வொர்க் பரிமாற்ற வசதியால், ஒரு கணினியில் இருக்கும் விளையாட்டை இன்னொரு கணினி இணையத்திலிருந்து இறக்காமல் அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 80 ஜிபி அளவுள்ள விளையாட்டை 94 எம்பிபிஎஸில் நகர்த்தினால் ஏறத்தாழ 1 மணி 53 நிமிடம் ஆகும். 941-இல், வட்டின் எழுதும் வேகம் ஈடுகொடுத்தால், 11 நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

பதிவேற்றத்தின்போது ஏறும் பிங்

கேபிள் வேலை முடிந்த பின்னும் இரண்டாம் கோளாறு அசையவில்லை. சர்வர் பதிவேற்றத் தொடங்கியதும் பழையபடி 430.

இங்கே பயன்படாத வழிகள் சிலவற்றில் நேரம் போயிற்று. டிஎன்எஸ் முகவரியை மாற்றிப் பார்த்தேன். பெயரை முகவரியாக மாற்றும் அந்த ஒரு கணத்தோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்துவிடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் அது எதையும் மாற்றாது. இணைய நிறுவனப் பெட்டியின் அமைப்பில் விளையாட்டுக்கு முன்னுரிமை தரும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை இயக்கியும் எண் மாறவில்லை. அடுத்த கட்டணத் திட்டத்துக்கு மாறலாமா என்று யோசித்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், காரணம் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

சர்வர், இணைய நிறுவனப் பெட்டிக்குள் 1000 எம்பிபிஎஸில் தரவைக் கொட்டக்கூடியது. பெட்டியிலிருந்து வெளியே போகும் வழி 20 எம்பிபிஎஸ். போக முடியாமல் மிஞ்சும் பாக்கெட்டுகளைப் பெட்டி கைவிடாமல் தன் நினைவகத்தில் வரிசையாகச் சேர்த்துவைக்கிறது. ஒரு மெகாபைட் சேர்ந்தால் அது 80 லட்சம் பிட். 20 எம்பிபிஎஸ் வழியே அது காலியாக 400 மில்லி விநாடி ஆகும். விளையாட்டு அனுப்பும் பாக்கெட் நூறு, இருநூறு பைட்தான் என்றாலும் அந்த வரிசையின் வாலில் நின்றுதான் வெளியேற முடியும். 430-இலிருந்து 18-ஐக் கழித்தால் 412. ஆக, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வரிசையின் நீளம் ஏறக்குறைய ஒரு மெகாபைட். பதிவேற்ற வேகத்தை 40 ஆக்கினால் அதே மெகாபைட் 200 மில்லி விநாடியில் காலியாகும். பாதியான அந்தத் தாமதத்திலும் விளையாட முடியாது. இந்தக் கோளாறுக்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர்.

கைக்கு எட்டிய முதல் தீர்வு, சர்வரையே மெதுவாக அனுப்பச் சொல்வது. காப்பு நகலை அனுப்பும் ஆர்சிங்க் நிரலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தேர்வு உண்டு. அதன் கணக்கு பிட்டில் அல்ல, பைட்டில். 1800 என்று கொடுத்தால் விநாடிக்கு 1800 கிபிபைட், அதாவது சுமார் 14.7 எம்பிபிஎஸ். உடனே பிங் 21-க்கு இறங்கியது. ஆனால் அதே நேரத்தில் ஒரு கைப்பேசி தன் காணொளிகளை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கினால் மீண்டும் 300, 400 என்று ஏறும். யாரும் விழித்திராத நள்ளிரவிலும் சர்வர் அந்த 14.7-ஐத் தாண்டாது. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகக் கட்டிப்போடுவது நடவாத காரியம்; எல்லாத் தரவும் கடந்துபோகும் ஒரே இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

ரவுட்டரை மாற்றியது

லினக்ஸில் 2018-இல் 4.19 பதிப்போடு கேக் என்னும் வரிசை மேலாண்மை முறை வந்தது. வேகத்துக்கு ஒரு வரம்பை வைத்து, வரும் பாக்கெட்டுகளை இணைப்பு வாரியாகப் பிரித்து, மெலிந்த போக்குவரத்தை நெடுவரிசையின் பின்னால் காக்கவைக்காமல் முன்னே விட்டு, வரிசையை நீள விடும் இணைப்புகளை மட்டும் தட்டிக் குறைக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் இயங்குதளத்தில் எஸ்க்யூஎம் என்ற தொகுப்பை நிறுவினால் இது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நிரப்பும் படிவமாகவே கிடைக்கிறது.

அந்த இயங்குதளத்தை ஏற்கும் ரவுட்டர் ஒன்றை வாங்கினேன்; இந்த முழு வேலையிலும் பெரிய செலவு அதுதான். வாங்குமுன் பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணை ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் வேறுவேறு சிப்போடு வருவதுண்டு. வைஃபை வேகத்தைவிட மையச் செயலியின் வலுவைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை வேலை முழுக்க அந்தச் செயலியின் தலையில்தான் விழுகிறது.

புதிய ரவுட்டரைப் பழைய பெட்டியின் பின்னால் இணைத்ததும் இணையமே வரவில்லை. இரண்டும் தம் உள்முகவரியாக 192.168.1.1-ஐ வைத்திருந்ததே காரணம். புதியதை 192.168.10.1-க்கு மாற்றியதும் வந்தது. ஆனால் இப்போது இரண்டு ரவுட்டர்களும் முகவரி மாற்றம் (நாட்) செய்தன. விளையாட்டு, நாட் வகை ஸ்டிரிக்ட் (கட்டுப்பாடு மிகுந்தது) என்று எச்சரித்தது. பழைய பெட்டியை, தரவை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, இணைய நிறுவனத்தோடு இணைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய ரவுட்டரில் கொடுத்தேன். அந்த விவரங்களைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் பிரிட்ஜ் பொத்தானை அழுத்த வேண்டாம். அழுத்திவிட்டால் அவற்றைத் தேட இணையம் இருக்காது.

எஸ்க்யூஎம் பக்கத்தில் செய்தவை இவை. இடைமுகமாக வெளிப்புற பிபிபிஓஇ இணைப்பைத் தேர்ந்தேன். உட்புற இடைமுகத்தைத் தேர்ந்தால் பதிவிறக்கமும் பதிவேற்றமும் தலைகீழாகிவிடும். வரிசை முறையாகக் கேக், அதற்கான ஸ்கிரிப்டாகப் பீஸ் ஆஃப் கேக். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் கூடுதலாக ஏறும் சுமையை 44 பைட் என்று கொடுத்தேன். மேல்நிலைத் தேர்வுகளில், வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் சமப் பங்கு கிடைக்கும்படி அமைத்தேன். காப்பு நகல் நிரல் பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்துகொண்டு மற்றவர்களின் பங்கையும் விழுங்குவதை இது தடுக்கிறது.

வேக வரம்புதான் உயிர்நாடி. வரிசை நம் ரவுட்டரில் உருவானால்தான் கேக் அதை ஆள முடியும். வரம்பு உண்மை வேகத்தைத் தொட்டுவிட்டால் வரிசை மீண்டும் இணைய நிறுவனப் பெட்டிக்குள் போய்விடும். அலகு கிலோபிட். முதலில் பதிவேற்றத்துக்கு 19500 கொடுத்தேன். பிங் 40-க்கும் 90-க்கும் இடையே அலைந்தது. 19000-இல் 30-ஐ ஒட்டி நின்றது. 18000-இல் 22, 23. அதற்குக் கீழே 16000 வரை இறக்கியும் மேற்கொண்டு பலன் எதுவும் இல்லாததால் 18000-இலேயே நிறுத்தினேன். பதிவிறக்கத்துக்கு 92000 சரியாக இருந்தது. இந்த எண்களை மாலை நெரிசல் நேரத்தில் அளந்து முடிவுசெய்வது நல்லது. அதிகாலை அமைதியில் கிடைக்கும் வேகத்தை நம்பி வரம்பு வைத்தால் மாலையில் தோற்றுப்போகும்.

ஒரு சிக்கல் நடுவில் வந்தது. பதிவிறக்க வரம்பு 92 என்று இருக்க, வேகச் சோதனை 98 காட்டியது. வைத்த வரம்பைத் தாண்டிய எண் வந்தாலே, தரவு கேக்கின் வழியாகப் போகவில்லை என்று பொருள். தீச்சுவர் (ஃபயர்வால்) பக்கத்தில் ஃப்ளோ ஆஃப்லோடிங் என்ற முடுக்க வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அது பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் கடத்திவிடும். எஸ்க்யூஎம்முடன் அது முழுமையாக ஒத்துப்போகாது என்று அந்தப் பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. அதை அணைத்ததும் சோதனை 92-க்குள் அடங்கியது.

பின்னர் சர்வரிலிருந்த ஆர்சிங்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். 50 ஜிபி காப்பு நகல் முழு 20 எம்பிபிஎஸில் போனால் சுமார் 5 மணி 33 நிமிடம், பழைய 14.7 கட்டுப்பாட்டில் ஏழரை மணி. இப்போதைய 18-இல் 6 மணி 10 நிமிடம். பிங் நிலைத்திருப்பதற்குக் கொடுக்கும் விலை அந்த 37 நிமிடம். எனக்கு அது முற்றிலும் ஏற்புடையது.

வெளியிலிருந்து நண்பர்கள் சேர்வதற்கு

அதே சர்வரில் மைன்கிராஃப்ட் சர்வரும் ஓடுகிறது. வழக்கமாக, அதன் நுழைவாயில் எண்ணான 25565 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட்டால் நண்பர்கள் வெளியிலிருந்து சேரலாம். என் ரவுட்டரின் வெளிமுகவரியோ 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதிக்குள் இருந்தது. 2012-இல் இணைய நிறுவனங்களின் பொது முகவரி மாற்றத்துக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதி அது. அதற்குள் இருப்பவர்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியுலகுக்குத் தெரியாது. எனவே வெளியே வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றுக்கு வயர்கார்டு என்னும் மறைகுறியிட்ட இணைப்புச் சுரங்கம் அமைத்து அதன் வழியாக விட்டேன். வீட்டுப் பக்கத்தில் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்புப் பாக்கெட் அனுப்பும் தேர்வைக் கொடுக்காவிட்டால், சும்மா இருக்கும் நேரத்தில் சுரங்கம் மூடிக்கொள்ளும். இது தனியாக எழுத வேண்டிய அளவுக்கு விரிவது. இங்கே இவ்வளவு போதும்.

அடுத்த முறை மாற்றிக்கொள்ள வேண்டியவை

கேபிளை ஒற்றையாக இழுத்திருக்கக் கூடாது. சுவரோரம் ஆணியடிக்கும் உழைப்பு ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவதை இழுத்திருந்தால் அந்த அறையில் வைஃபைக்கு ஓர் அணுக்கப் புள்ளியை (ஆக்சஸ் பாயிண்ட்) இப்போதே வைத்திருக்கலாம். இரு முனையிலும் ஒரு மீட்டர் அளவுக்கு மிச்சம் விட்டுச் சுருட்டி வைப்பதும் நல்லது. ஏழாம் கம்பிக்காகக் கனெக்டரை வெட்டியபோது கேபிள் மட்டுமட்டாக வந்து நின்றது. சுவரில் பொருத்தும் முன்பே டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன்.

ரவுட்டரையும் இன்னும் ஒரு படி வலுவானதாக எடுத்திருக்கலாம். 92 எம்பிபிஎஸ் முழுதாக ஓடும்போது இதன் செயலியில் ஏறக்குறைய பாதி செலவாகிறது; இணைப்பு 300 எம்பிபிஎஸ் ஆனால் இது தாங்காது. கேபிளில் இல்லாத கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிக்கும் வைஃபையின் சொந்த வரிசை இன்னும் இருக்கிறது. எஸ்க்யூஎம் அதைத் தொடுவதில்லை. இரண்டாவது கேபிளை இழுத்து அணுக்கப் புள்ளியை வைத்தபின், அந்தப் பக்கத்தையும் இதேபோல் துண்டு துண்டாக அளக்க இருக்கிறேன்.